முட்டுக் கொடுப்பதும் முட்டுக்கட்டை போடுவதும்

ஒரு மூங்கில் குச்சி. 85 செ.மீ. நீளம். இரண்டு முனையிலும் ஊன்றுகோலுக்கு மாட்டுகிற ரப்பர் புஷ். ஒரு சிவப்பு நாடா. மொத்தச் செலவு 140 ரூபாய், அதில் நாடாவுக்கு மட்டும் 50. போன மாதம் இந்தக் குச்சி 'அங்கீகரிக்கப்படாத பொருள்' என்ற பட்டத்தோடு ஹேங்கரை விட்டு வெளியே போடப்பட்டது. செய்த பாவி அடியேன்தான்.

கோபத்தில் எழுதுகிறேன், முன்னாடியே சொல்லிவிடுகிறேன். நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

முதலில் கதை. விதர்பா பக்கம் ஒரு ஊரில் இருக்கிறேன் (ஊர்ப் பெயரைச் சொன்னால் ஆளைப் பிடித்துவிடலாம், அதனால் வேண்டாம்). பக்கத்து வீட்டுக்காரர் ரயில்வேயில் இன்ஜினியராக இருந்து ரிடையர் ஆன பெங்காலி. தாதா என்றுதான் கூப்பிடுவேன். அவரும் இன்னும் மூன்று பேரும் பங்கு போட்டு ஒரு குட்டி விமானம் வைத்திருக்கிறார்கள். இரண்டே சீட். தலைக்கு மேல் இறக்கை, அதற்குக் கீழே இரண்டு பக்கமும் கதவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தாதாவோடு ஹேங்கருக்குப் போவது என் வழக்கம். எனக்கு லைசென்ஸ் கிடையாது, ஓட்டவும் தெரியாது, படித்தது பி.காம். டீ குடிப்பேன், துடைக்கத் துணி எடுத்துக் கொடுப்பேன், அவரிடம் திட்டு வாங்குவேன். என் விமானத்துறை அனுபவம் அவ்வளவுதான்.

இந்த விமானத்தின் கதவு கார்க் கதவு மாதிரி பக்கவாட்டில் திறக்காது. கீல் மேல் ஓரத்தில். கீழ் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் கோழி இறக்கையை விரிக்கிற மாதிரி மேலே போகும். போனது அங்கேயே நிற்பதற்கு ஒரு கேஸ் ஸ்ட்ரட். காரின் டிக்கியைத் திறந்தால் இரண்டு கறுப்புக் குழாய் தாங்கிப் பிடிக்குமே, அதன் தம்பி. குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தி அடைத்திருப்பார்கள், கொஞ்சம் எண்ணெய் இருக்கும், தண்டு உள்ளே வெளியே போய் வருகிற வாயில் ஒரு ரப்பர் சீல். அந்த சீல்தான் அதன் உயிர். சீல் வறண்டால் வாயு கசியும். அதற்காகத்தான் தண்டு கீழே பார்த்த மாதிரி இருக்க வேண்டும் என்பார்கள், எண்ணெய் சீல் மேல் தேங்கி நிற்கும். ஆனால் 45 டிகிரி வெயிலில் வருஷக்கணக்கில் நின்றால் எந்த சீல்தான் தாங்கும்? பகலில் சூட்டில் அழுத்தம் ஏறும் (10 டிகிரிக்குச் சுமார் 3.5 சதவிகிதம், கணக்கு தாதாவுடையது), ராத்திரி இறங்கும், மறுநாள் மறுபடி ஏறும். கடைசியில் ஒருநாள் வாயு பத்தாமல் கதவு மெதுவாகத் தலை குனியும். கீழே யாருடைய தலை இருக்கிறதோ அது அவரவர் ஜாதகம். போன வருஷம் என்னுடையது இருந்தது. இரண்டு தையல்.

தரையில் நிற்கும்போது கதவை ஏன் திறந்து வைக்க வேண்டும், மூடித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். மே மாதம் இந்தப் பக்கம் வந்து கேளுங்கள். சுற்றிலும் கண்ணாடி மாதிரி அக்ரிலிக். வெயிலில் அரைமணி நேரம் மூடி நின்றால் உள்ளே சீட் பெல்ட் பக்கிள் கையைச் சுடும். உள்ளே தலையை விட்டு ஏதாவது வேலை பார்க்கிறவனுக்குக் காற்று வேண்டும். ரேடியோவுக்கும் வேண்டும். ஆக, கதவு திறந்திருந்தே ஆக வேண்டும், ஆனால் ஸ்ட்ரட் செத்துப்போச்சு, புதுசு வெளிநாட்டில் இருந்து வரணும், சுங்கம், கூரியர் என்று எல்லாவற்றையும் தாண்டி வரணும். அதுவரைக்கும்?

அதுவரைக்கும் எல்லோரும் என்ன செய்வார்களோ அதையேதான் இங்கேயும் செய்தார்கள். ஒரு நாள் துடைப்பக்கட்டை. ஒரு நாள் கிரிக்கெட் ஸ்டம்ப். ஒரு நாள் இரண்டு தண்ணீர் பாட்டிலை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து (சத்தியமாக). இதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் களத்தில் இறங்கினேன். எங்கள் ஊரில் மாட்டு வண்டியை அவிழ்த்துவிட்டால் நுகத்தடிக்கு முட்டுக்குச்சி வைப்பார்கள். தாத்தா வீட்டில் பார்த்து வளர்ந்தவன். மாருதி 800-இல் பானெட்டைத் தூக்கி நிறுத்துவதும் ஒரு வளைந்த கம்பிதானே. இதில் என்ன பெரிய ராக்கெட் சயின்ஸ் என்று நினைத்தேன்.

அங்கேதான் சறுக்கினேன். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் எழுதுவது அழுகுணி ஆட்டம்.

முதல் குச்சி மூங்கில் இல்லை. வீட்டில் ஒயரிங் செய்தபோது மிஞ்சிய பி.வி.சி. பைப். காற்று போக ஒரு இடுக்கு இருந்தால் போதும் என்று 30 செ.மீ. அளவில் இரண்டு துண்டு வெட்டினேன். வெள்ளை நிறம், நாடா கிடையாது, ஒன்றும் கிடையாது. இரண்டு வாரம் ஜோராக வேலை செய்தது. மூன்றாவது வாரம் வெயிலில் பைப் லேசாக வளைந்துவிட்டது. பி.வி.சி. 60 டிகிரியைத் தொடும்போதே இளக ஆரம்பித்துவிடும், மூடிய விமானத்துக்குள் அந்தச் சூடு ஒன்றும் அதிசயம் இல்லை. வளைந்த பைப் நழுவி உள்ளே விழுந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. கதவை மூடியிருக்கிறார்கள். மறுநாள் காலை தாதா கிளம்புவதற்கு முன்னால், விமானம் துடைக்கிற பையன் தரையில் படிந்த மண்ணைப் பெருக்கிக்கொண்டிருந்தவன், கையில் என் பைப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். ரடர் பெடலுக்குப் பின்னால் கிடந்ததாம்.

ரடர் பெடல் என்பது காலால் மிதித்து விமானத்தின் மூக்கைத் திருப்புகிற சமாச்சாரம். அதன் பின்னால் ஒரு குழாய் குறுக்கே சிக்கினால் ஒரு பக்கம் மிதிபடாது. தரையில் ஓடும்போது தெரிந்தால் பிழைத்தோம். இறங்கும்போது பக்கக்காற்றில் தெரிந்தால்? தாதா ஒன்றும் திட்டவில்லை. பைப்பை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டீ சொன்னார். அவர் திட்டாததுதான் எனக்கு இன்னும் தூக்கத்தைக் கெடுக்கிறது.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காக யோசித்தேன். முதலில் நீளம். கதவின் உயரம் 85 செ.மீ. குச்சியும் அதே 85 இருந்தால், கீல், கதவின் கீழ் ஓரம், வாசற்படி மூன்றும் சமபக்க முக்கோணம் ஆகிவிடும், கதவு சரியாக 60 டிகிரியில் நிற்கும். எட்டாங்கிளாஸ் ஜியாமெட்ரி. இதில் இரண்டு லாபம். முழுக்கத் தூக்கிய கதவு காற்றுக்குப் பாய்மரம் மாதிரி, 60 டிகிரியில் அந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. இரண்டாவது லாபம்தான் முக்கியம்: 85 செ.மீ. குச்சி பெடலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ள முடியாது. அது மாட்டியிருக்கும்போது கதவும் மூடாது.

அடுத்து சாமான். சந்திரபூர், கட்சிரோலி காடுகளில் இருந்து வருகிற மூங்கில் இங்கே ஏணிக்கடையில் மலிவு. பச்சை மூங்கில் ஆகாது, காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். காய்ந்ததாக, கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமனாக எடுத்து, இரண்டு முனையும் கணுவை ஒட்டி வருகிற மாதிரி வெட்ட வேண்டும். கணு இருந்தால் முனை பிளக்காது. அதன்மேல் பருத்தி நூலை நெருக்கிச் சுற்றி ஃபெவிகால் தடவினால் சாகாவரம். முனைக்கு ரப்பர் புஷ். கறுப்பு ரப்பர் வெள்ளைப் பெயின்டில் கோடு போடும், அதனால் மேலே பழைய வேட்டித் துண்டு ஒரு சுற்று. எக்காரணம் கொண்டும் முனை அக்ரிலிக் மேல் பட்டுவிடக் கூடாது, சட்டத்தில்தான் பட வேண்டும். ஒரே புள்ளியில் அழுத்தம் கொடுத்தால் அக்ரிலிக் விரிசல் விடும். பசை, தின்னர் வாடையே அதற்கு ஆகாது என்று தாதா சொன்னார், ஆகவே ஒட்டுகிற வேலை எல்லாம் வீட்டிலேயே.

பிறகு காற்று. முட்டுக்குச்சி கீழே விழுகிற கதவைத்தான் தாங்கும். ஆனால் காற்று கீழே இருந்து கதவைத் தூக்கும். தூக்கினால் குச்சி பொத்தென்று விழும், காற்று விட்டதும் கதவு மடேரென்று இறங்கும். துடைப்பக்கட்டைகளும் ஸ்டம்ப்புகளும் தோற்ற இடம் இது. ஆக, குச்சி தள்ளவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். சைக்கிள் டியூபை நாடா மாதிரி வெட்டி, மேல் முனையைக் கதவின் உள் கைப்பிடியிலும் கீழ் முனையைச் சீட் பெல்ட்டிலும் மாட்டினேன். டியூப் கொஞ்சம் நீளும், அடி வாங்கிக்கொள்ளும். ரொம்ப மிஞ்சினால் டியூப் அறும், கீல் வளையாது. டியூப் 10 ரூபாய், கீல் விலை சொன்னால் வயிறு எரியும். இரும்புக்கம்பியில் பலமாகச் செய்திருந்தால் காற்றின் கோபம் முழுக்க கீலுக்குத்தான் போயிருக்கும்.

எவ்வளவு கோபம் என்றால், 40 கிலோமீட்டர் வேகக் காற்று இந்த அளவுக் கதவில் நேராக அறைந்தால் சுமார் 6 கிலோ எடை தொங்குகிற மாதிரி. வேகம் இரட்டித்து 80 ஆனால் 12 கிலோ என்று பி.காம். மூளை கணக்குப் போட்டது. தாதா சிரித்தார். வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்காம், 24 கிலோ. மழைக்கு முன்னால் இங்கே அடிக்கிற புழுதிக்காற்றுக்கு 80 எல்லாம் சாதாரணம். அதனால் மரம் ஆட ஆரம்பித்தால் குச்சியை எடு, கதவை மூடு, ஆள் பக்கத்தில் இல்லாமல் கதவு திறந்திருக்கக் கூடாது. குச்சி இளங்காற்றுக்கு மட்டும்.

கடைசியாக, மறதி. இதற்குத்தான் ஒரு வாரம் எடுத்தது. இரண்டு குச்சியையும் ஒரு சிவப்பு நாடாவால் இணைத்தேன். நாடா இந்தக் கதவில் இருந்து அந்தக் கதவுக்கு, பைலட் சீட்டுக்கு மேலே குறுக்கே போகும். அதைக் கழற்றாமல் யாரும் உட்கார முடியாது. என்ஜின் சாவியும் அந்த நாடாவில்தான் தொங்கும். குச்சியில் 1, 2 என்று நம்பர். ஹேங்கர் சுவரில் இரண்டு ஆணி, அதே நம்பர். இரண்டு ஆணியிலும் குச்சி தொங்கினால்தான் விமானம் கிளம்பலாம்.

எங்கள் ஆபீஸில் பெட்டக அறைக்கு இரண்டு சாவி, இரண்டு ஆள். யாரும் திருடன் என்பதால் இல்லை. மனுஷன் மறப்பான், அசதியாவான், மகளுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால் பாதியில் எழுந்து ஓடுவான். இருபது வருஷமாகத் தினமும் சாயங்காலம் எண்ணி, எழுதி, கையெழுத்துப் போட்டு மூடுகிறவனுக்கு இந்த ஆணி யோசனை வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இனி சண்டை.

எனக்கு எதிரி மூன்று பேர். முதல் ஆள், ஒரு ஞாயிறு விருந்தாளியாக வந்த இளைஞர். எம்.பி.ஏ., கூலிங்கிளாஸ். குச்சியைப் பார்த்து "வாவ், ஜுகாட்!" என்று போட்டோ எடுத்து அங்கேயே வாட்ஸப்பில் போட்டார். எனக்குச் சுர்ரென்றது. ஜுகாட் என்றால் என்ன தெரியுமா? பஞ்சாப், ஹரியானா கிராமங்களில் தண்ணீர் இறைக்கிற டீசல் என்ஜினை மரத்தட்டில் பூட்டி வண்டியாக்கி, அதில் முப்பது பேரை ஏற்றிப் போவார்களே, அதற்குப் பெயர் ஜுகாட். பதிவு நம்பர் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, பிரேக் கடவுள் விட்ட வழி. ஏழை வேறு வழியில்லாமல் செய்தால் எனக்குப் புரிகிறது. ஏசி ரூமில் உட்கார்ந்து அதைத் தேசிய குணம் என்று மெச்சுவதுதான் புரியவில்லை. என் 30 செ.மீ. பி.வி.சி. பைப் இருந்ததே, அதுதான் அசல் ஜுகாட். தாதாவைக் கொல்லப் பார்த்தது. அதற்குப் பிறகு நான் செய்த அத்தனையும் அந்த ஜுகாட்டுக்கு எதிராகச் செய்தது. "எப்படியோ ஓட்டிடலாம் சார்" என்று சொல்லாமல் அளந்து, வெட்டி, எண்ணி, எழுதிச் செய்தது. அதைப்போய் இந்த மனுஷர் ஒரே வார்த்தையில்...

இரண்டாம் ஆள் ஒரு மெக்கானிக். நல்லவர், கை சுத்தம். "குச்சி எல்லாம் எதுக்கு பாய், கார் டிக்கி ஸ்ட்ரட்டைப் போட்டுடலாம், ஒரு துளைதானே போடணும்" என்றார். முகம் சுளிக்காமல் கேட்டேன், ஆனால் என்னைப் பொறுத்தவரை இது கொலை. டிக்கி கனமானது, அதன் ஸ்ட்ரட்டின் தள்ளுவிசை இந்தத் தக்கைக் கதவுக்கு ரொம்ப அதிகம், மூடி வைத்திருக்கும்போதெல்லாம் கதவின் சட்டத்தைப் பிதுக்கிக்கொண்டே இருக்கும். அதைவிட முக்கியம், அது விமானத்தோடு மேலே போகும். மேலே போகிற எதற்கும் துண்டுச்சீட்டு, ஒப்புதல், இன்ஜினியர் கையெழுத்து எல்லாம் வேண்டும், அதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் இல்லை. துளை போட்டால் அது மாற்றம், மாற்றத்துக்கு விதி உண்டு. என் குச்சி மேலே போகாது. தரையில் பிறந்தது, தரையிலேயே கிடக்கும். சக்கரத்துக்கு வைக்கிற கட்டை மாதிரி, இறக்கையைத் தரையோடு கட்டுகிற கயிறு மாதிரி. இந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று புரியாதவர்கள்தான் இரண்டு பக்கமும் கத்துகிறார்கள்.

மூன்றாம் ஆள் மேனேஜர். ஹேங்கரைக் குத்தகைக்கு வைத்திருப்பவர்களின் ஆள். பைப் கிடைத்த கதை எப்படியோ அவர் காதுக்கு ஆறு மாதம் கழித்துப் போயிருக்கிறது. அதற்குள் மூங்கில் குச்சிகள் ஆறு மாதமாக ஆணியில் தொங்குகின்றன. அவர் அதைப் பார்க்கவில்லை, நாடாவைப் பார்க்கவில்லை, நம்பரைப் பார்க்கவில்லை. சுவரில் ஒரு சுற்றறிக்கை ஒட்டிவிட்டார்: உற்பத்தியாளர் தராத எந்தப் பொருளும் விமானத்தில் பயன்படுத்தக் கூடாது. முடிந்தது.

அவரிடம் போய்க் கேட்டேன். எந்த விதி சார்? "ஏவியேஷன்ல எல்லாமே சர்டிஃபைட் ஆக இருக்கணும்" என்றார். சார், உங்கள் துடைப்பம் சர்டிஃபைடா? பக்கெட்? ஏணி? "ஆர்க்யூ பண்ணாதீங்க." நான் வீட்டுக்கு வந்து சட்டத்தையே எடுத்துப் படித்தேன் (ஆபீஸ் புத்தி). 1934-இல் வந்த விமானச் சட்டம் போய் பாரதிய வாயுயான் அதிநியம் 2024 வந்திருக்கிறது, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில். விமானம் என்றால் என்ன என்று 1934-லேயே விளக்கம் எழுதி வைத்துவிட்டார்கள்: காற்றின் எதிர்வினையால் வானில் நிற்கக்கூடிய எந்த யந்திரமும். பலூன், பட்டம்கூட அதில் சேர்த்தி. என் குச்சி காற்றின் எதிர்வினையால் நிற்கவில்லை ஐயா, வாசற்படியில் நிற்கிறது.

சரி, கிண்டலை விடுவோம். 'சர்டிஃபிகேட் இருந்தால் பத்திரம்' என்கிற வாதத்தையே நேராக எடுத்துக்கொள்வோம். 1935 அக்டோபர் 30. அமெரிக்காவில் ரைட் ஃபீல்டில் போயிங்கின் மாடல் 299, நாலு என்ஜின் குண்டுவீச்சு விமானம், சோதனைக்குக் கிளம்புகிறது. நிறுத்தி வைத்திருக்கும்போது வால்பக்கப் பலகைகள் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. அதைத் திறக்க மறந்துவிட்டார்கள். மேலே ஏறி, மூக்கு நிமிர்ந்து, விழுந்து எரிந்தது. ஓட்டிய ராணுவ விமானியும், போயிங்கின் தலைமைச் சோதனை விமானியும் இறந்தார்கள். அந்தப் பூட்டு யாரும் வீட்டில் செய்ததில்லை. விமானத்தோடு வந்த பூட்டு. அதற்குப் பிறகுதான் விமானிக்கு செக்லிஸ்ட் என்ற ஒன்று முறையாக வந்தது. எண்பது வருஷம் கழித்து எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், 2014 மே 31 அன்று அமெரிக்காவின் பெட்ஃபோர்டில் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் ஒன்று அதே மாதிரிப் பூட்டைத் திறக்காமல் ஓடி, ஓடுபாதையைத் தாண்டிப்போய் எரிந்தது. ஏழு பேர். கோடீஸ்வரர் விமானம், அதில் இல்லாத சர்டிஃபிகேட்டா?

1996 அக்டோபர் 2, ஏரோபெரு 603. விமானத்தைக் கழுவும்போது காற்றழுத்தம் அளக்கிற துளைகளில் டேப் ஒட்டினார்கள், பிறகு எடுக்க மறந்தார்கள். ராத்திரி, கடலுக்கு மேலே, உயரமும் தெரியாமல் வேகமும் தெரியாமல் 70 பேர் செத்தார்கள். 2018 ஜூலை 18, பிரிஸ்பேனில் மலேசியா ஏர்லைன்ஸ் ஏ330. அங்கே குளவிகள் வேகம் அளக்கிற குழாய்களில் கூடு கட்டும் என்பதால் நிறுத்தியதும் உறை போடுவார்கள். முறையான உறை. அதைக் கழற்றாமலேயே ராத்திரியில் கிளம்பிவிட்டது. நல்லவேளை பத்திரமாகத் திரும்பி இறங்கினார்கள். யார் போடுவது, யார் கழற்றுவது என்பதே சரியாகத் தெளிவில்லாமல் இருந்தது என்று விசாரணையில் வந்தது.

இந்த நாலில் எதிலாவது பொருளின் தரம் கெட்டதா? டேப் நன்றாக ஒட்டியது, உறை நன்றாக மூடியது, பூட்டு நன்றாகப் பூட்டியது. கெட்டது எல்லாம் கணக்கு. எது போட்டோம், எத்தனை போட்டோம், யார் எடுப்பது. மேனேஜரின் சுற்றறிக்கையில் கணக்கைப் பற்றி ஒரு வரி இல்லை.

தடை போட்ட பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் என் கோபத்துக்கே காரணம். வெயில் சுற்றறிக்கை படிக்காது. கதவு திறந்துதான் ஆக வேண்டும். தடை வந்த அடுத்த ஞாயிறு போனால் வலது கதவில் ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவர். இடது கதவில் சுருட்டிய செய்தித்தாளும் ஒரு செங்கல்லும். நாடா இல்லை, நம்பர் இல்லை, ஆணி இல்லை. ஸ்க்ரூடிரைவர் யாருடையது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. தடை என்பதால் யாரும் ஒத்துக்கொள்ளவும் மாட்டார்கள். முன்னாடி குச்சி எங்கே என்றால் சுவரைப் பார்த்தால் போதும். இப்போது பெடலுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவ வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் என் பழைய பி.வி.சி. பைப்பை, அதைவிடக் கூரான வடிவத்தில், திரும்பக் கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள்.

மேனேஜர் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் முதல் கேள்வி அவரிடம்தான் வரும். 'நான் தடை செய்திருந்தேன்' என்ற காகிதம் அவரைக் காப்பாற்றும். நானும் இருபது வருஷமாகக் காகிதத்தில் பிழைக்கிறவன்தான், அந்தக் காகிதத்தின் ருசி எனக்குத் தெரியும். ஆனால் அது மேனேஜரைக் காப்பாற்றுகிற காகிதம். தாதாவைக் காப்பாற்றுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

நம் நாட்டில் கையால் எதையாவது செய்கிறவனுக்கு இரண்டே மரியாதைதான். ஒன்று 'ஜுகாட்' என்று முதுகில் தட்டு, இல்லையென்றால் 'எங்கே சர்டிஃபிகேட்' என்று கழுத்தில் கை. மும்பையில் அமோல் யாதவ் என்று ஒரு விமானி மொட்டை மாடியில் ஆறு சீட் விமானத்தையே கட்டினார். அதற்குப் பதிவுச் சான்றிதழ் வாங்க வருஷக்கணக்கில் அலைந்தார், 2016-இல் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் வைத்து நாடே பார்த்த பிறகுதான் விஷயம் நகர்ந்தது, 2017-இல் கிடைத்தது. அவர் கட்டியது விமானம், கேள்வி கேட்டது சரி, நிறையவே கேட்கட்டும். என் குச்சிக்கும் கேட்கட்டும். என்ன நீளம், ஏன் அந்த நீளம், காற்று தூக்கினால் என்ன ஆகும், மறந்தால் எப்படித் தெரியும்? இந்த நாலு கேள்வியை யாராவது கேட்டிருந்தால் என் முதல் பைப்பை நானே உடைத்துப் போட்டிருப்பேன். யாரும் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து, ஒரு கேள்வியும் இல்லாமல், நேராகத் தீர்ப்பு.

(நடுவில் ஒரு வேடிக்கை. 'ரிமூவ் பிஃபோர் ஃப்ளைட்' என்று எழுதிய சிவப்பு நாடாதான் நான் வாங்கியது. பைக் சாமான் விற்கிற கடையில் கீ செயினாகக் கிடைக்கிறது. ஊரில் புல்லட் வைத்திருக்கிற பாதிப் பேர் சாவியில் தொங்குகிறது. விமானத்தில் இருந்த ஒரே நாடாவைத்தான் கழற்றி எறிந்திருக்கிறார்கள்.)

என் குச்சிகள் இரண்டும் இப்போது வீட்டு மாடியில் இருக்கின்றன. வத்தல் காயப்போட்ட வேட்டியைக் காற்று தூக்காமல் பிடிக்க வீட்டம்மாவுக்கு நன்றாக உதவுகிறதாம். "உருப்படியா ஒண்ணு செஞ்சீங்க" என்று சர்டிஃபிகேட்டும் கொடுத்துவிட்டாள்.

போன திங்கட்கிழமை மேனேஜருக்கு ஒரு மனு கொடுத்தேன். குச்சி வேண்டாம் என்றால் வேண்டாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் கதவுக்கு எதை முட்டுக் கொடுத்தாலும், ஸ்க்ரூடிரைவரே ஆனாலும், அதற்கு ஒரு நம்பர், சுவரில் ஒரு ஆணி, வாசலில் ஒரு நோட்டு. வைத்தவர் கையெழுத்து, எடுத்தவர் கையெழுத்து. நோட்டை நானே கோடு போட்டு வாங்கிக் கொடுத்தேன், 40 ரூபாய்.

இதை எழுதுகிற வரைக்கும் பதில் வரவில்லை. ஸ்ட்ரட்டும் வரவில்லை. நாளை ஞாயிறு. தாதா ஆறு மணிக்குக் கிளம்பச் சொல்லியிருக்கிறார், டார்ச் எடுத்துக்கொண்டு போகிறேன்.